முந்நூத்திப் பத்து

ஜூலை 2, செவ்வாய் இரவு

அன்புள்ள அத்தைக்கு,

நான்தான், வாலு. நீங்கள் கடைசியாக என்னைப் பார்த்தபோது ஆறாம் வகுப்பு. இப்போது எட்டாம் வகுப்பு. கையெழுத்து மாறிவிட்டது, அதனால் வேறு யாரோ என்று நினைத்துவிடாதீர்கள்.

இப்படி எழுதுவது அப்பாவுக்குத் தெரிந்தால் அவ்வளவுதான். "அவ பேரை இந்த வீட்டில யாராவது எடுத்தீங்க, அப்புறம் என் மூஞ்சியில முழிக்காதீங்க" என்று சொல்லியிருக்கிறார். உங்கள் நம்பரைப் போனிலிருந்து அழித்துவிட்டார். அம்மாவிடம் தனிப் போன் கிடையாது. சலவைக்கடையிலிருந்து அம்மா இஸ்திரி போடக் கொண்டுவந்த துணி மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்து, சின்ன டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு எழுதுகிறேன். அப்பாவின் குறட்டை நின்றால் டார்ச்சை அணைத்துவிடுவேன். வரி கோணலாக இருந்தால் அதனால்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். நேற்று சாயங்காலம் அப்பா கிடங்கிலிருந்து வந்தார். வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே போனார், முகம் கழுவினார், ரேடியோவைத் திருகினார், ஜன்னல் வரை போய்த் திரும்பி வந்தார். அவர் நடந்த இடமெல்லாம் தரையில் சிவப்பாக ஒரு தடம். ஒற்றைக் கால் தடம். முத்திரை குத்தினமாதிரி, ஒரு அடி விட்டு ஒரு அடி. முதலில் ஏதோ சாயம் என்று நினைத்தேன். தொட்டுப் பார்த்தேன். ரத்தம்.

"அப்பா, காலில ரத்தம்!" என்றேன்.

அவர் குனிந்து பார்த்தார். அவர் முகத்தைப் பார்த்ததும்தான் எனக்குப் பயம் வந்தது. வலி வந்தால் மனுஷர் முகம் எப்படி இருக்கும்? அப்படி இல்லை. யாருடைய காலையோ பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு சிரித்தார். "எங்கேயோ இடிச்சிருப்பேன். அதுக்கு ஏன் பேயைப் பார்த்தமாதிரி நிக்கிற? துடை, உங்கம்மா வர்றதுக்குள்ள துடை" என்றார்.

துடைத்துவிட்டேன். அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்லாதது தப்பா? இன்றைக்கும் அதே பூட்ஸைப் போட்டுக்கொண்டுதான் வேலைக்குப் போனார்.

அத்தை, சர்க்கரை வியாதிக்கு நீங்கள் கொடுத்தனுப்பிய மாத்திரையை அப்பா பத்து நாள்கூடச் சாப்பிடவில்லை. "எனக்கு ஒண்ணும் இல்லைன்னு காட்டுறேன்" என்று சாக்கடையில் கொட்டிவிட்டார். உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறேன்.

பள்ளிக்கூடத்துப் பக்கத்துத் தையலம்மாவின் வீட்டுக்காரர்தான் உங்கள் ஊர் பஸ்ஸை ஓட்டுகிறார். அவர் கையில்தான் இதைக் கொடுத்தனுப்புகிறேன். பதில் எழுதினால் அவரிடமே கொடுங்கள். எங்கள் வீட்டுக்கு மட்டும் வந்துவிடாதீர்கள். தயவுசெய்து.

குறட்டை நின்றுவிட்டது.

வாலு


ஜூலை 3, புதன்

என் வாலுக் கண்ணு,

பஸ்காரர் வாசலில் ஹாரன் அடித்து உன் கடிதத்தைக் கொடுத்தார். நின்றுகொண்டே படித்தேன். அடுப்பில் வைத்தது தீய்ந்து புகை வந்தபிறகுதான் உட்கார்ந்தேன். நீ எழுதினாய் என்பதற்கே உனக்கு நன்றி சொல்ல வேண்டும். இரண்டு வருடமாக அந்த வீட்டிலிருந்து ஒரு சொல் வராதா என்று காத்திருக்கிறேன். வந்த சொல் இதுவாக இருக்கும் என்று நினைக்கவில்லை.

எதையும் மறைக்காமல் சொல்கிறேன். ரத்தத்தில் சர்க்கரை வருடக்கணக்கில் அதிகமாக இருந்தால் நரம்பு மெல்ல மெல்ல மரத்துப்போகும். முதலில் கால் விரல் நுனி. வலிக்காதது நல்லது என்று நினைப்பார்கள். வலிதான் வீட்டுக் காவல்காரன், அவனே தூங்கிவிட்டால் திருடன் பாட்டுக்கு வந்து போவான்.

நீ இரண்டு காரியம் செய்ய வேண்டும். முதலாவது, அந்தப் பூட்ஸுக்குள் கையை விட்டுப் பார். மெதுவாக. உள்ளே ஏதோ இருக்கும்.

இரண்டாவது, அப்பாவைக் கண்ணை மூடச் சொல்லி, இரண்டு காலிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல், மொத்தம் ஆறு விரலின் நுனியை உன் விரலால் தொடு. அழுத்தாதே, தட்டாதே, கூச்சம் காட்டாதே. ஈ உட்கார்ந்தமாதிரி ஒரு நொடி. தொட்டது தெரிந்தால் உடனே சொல்லச் சொல். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் எனக்கு எழுது. இதை எப்படிச் செய்வாய் என்று எனக்குத் தெரியாது. உன் தலைக்குள் என்னைவிட அதிகம் சரக்கு உண்டு, ஏதாவது வழி பண்ணு.

புண் கறுத்தாலோ, நாற்றம் வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ எனக்கு எழுதிக்கொண்டிருக்காதே. அம்மாவிடம் சொல்லி நேரே பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போங்கள். அப்பா கத்தினால் கத்தட்டும்.

நான் வரவேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். போன வருடம் ஒருதரம் வந்தேன், உனக்குத் தெரியாது. நான் முன்வாசலில் நின்றேன், என் தம்பி பின்வாசல் வழியாகப் போனான். இரண்டு நாள் வீட்டுக்கே வரவில்லை என்று பிறகு அக்கம்பக்கத்தார் சொல்லிக் கேள்விப்பட்டேன். இந்தக் காலோடு அவன் எங்கேயாவது போய்விட்டால்? அதனால் வரவில்லை. ஆனால் செருப்பு மாட்டிக்கொண்டு வாசல்வரை போய்த் திரும்பினேன், அது உண்மை.

அந்தத் துணி மூட்டைப் பக்கம் ஜாக்கிரதை. டார்ச்சை முழுங்கிவிடாதே.

அத்தை


ஜூலை 5, வெள்ளி இரவு

அன்புள்ள அத்தைக்கு,

பூட்ஸுக்குள் இருந்தது ஒரு தகரத் துண்டு. கிடங்கில் பெட்டிகளைச் சுற்றி வரிந்து கட்டுவார்களே, அந்தத் தகரம். என் கட்டைவிரல் நகம் அளவு. அடித்தோலைக் குத்திக்கொண்டு நிமிர்ந்து நின்றது. என் விரலிலும் லேசாகக் கீறியது, எனக்கு உயிர் போய்விட்டது. அப்பா அதன்மேல் குறைந்தது மூன்று நாள் நடந்து மூட்டை தூக்கியிருக்கிறார்.

அதை எடுத்து ஜன்னல் வழியாக எறிந்துவிட்டேன்.

இன்று சாப்பாட்டுக்குப் பிறகு, பள்ளிக்கூடத்தில் உடம்பைப் பற்றிப் பாடம் நடக்கிறது, வீட்டில் எல்லாருக்கும் ஒரு பரிசோதனை செய்து எழுதிக்கொண்டு வரச் சொன்னார்கள் என்றேன். பொய் சொல்லும்போது என் காது சிவந்துவிடும் என்று உங்களுக்குத் தெரியும். நல்லவேளை, தலையைப் பின்னாமல் விரித்துப் போட்டிருந்தேன்.

முதலில் அம்மா. அம்மாவுக்குத் தொடுவதற்கு முன்பே கூச்சம். "ஐயோ, விடுடி!" என்று காலை இழுத்து என் மூக்கில் ஒரு உதை. அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "பரீட்சையில உங்கம்மா ஃபெயில். என்னைப் பாரு, கல்லு மாதிரி இருப்பேன்" என்று காலை நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டார்.

வலது பெருவிரலைத் தொட்டேன். ஒன்றும் சொல்லவில்லை. நடுவிரலைத் தொட்டேன். சுண்டுவிரல். இடது கால் பெருவிரல். அத்தை, அவர் சிரித்த முகத்தோடு, கண்ணை மூடிக்கொண்டு, காத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் சொன்னார்:

"என்னடி, இன்னும் ஆரம்பிக்கலையா? சீக்கிரம் தொடு, எனக்குத் தூக்கம் வருது."

அம்மா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் விரல் அப்பாவின் விரல்மேல்தான் இருந்தது. அம்மா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

இடது சுண்டுவிரல் ஒன்றுதான் தெரிந்தது. "ஆங், இப்போ தொட்டே!" என்று துள்ளினார். "பார்த்தியா? எவ்வளவு கரெக்ட்!" என்றார். நான் நோட்டில் எழுதுவதுபோலக் குனிந்துகொண்டேன். "எத்தனை மார்க்கு?" என்று கேட்டார். "நல்ல மார்க்குப்பா" என்றேன்.

ஆறில் ஐந்து தெரியவில்லை.

பெருவிரலின் அடியில் புண் இருக்கிறது. கறுக்கவில்லை. ஓரம் வெள்ளையாக, ஈரமாக இருக்கிறது. நாற்றம் இல்லை என்றுதான் நினைக்கிறேன், ஆனால் பூட்ஸ் நாற்றத்தில் எனக்குத் தெரியவில்லை.

ஒன்று கேட்கவேண்டும். கேட்டால் கோபிக்காதீர்கள். ரெண்டு வருடத்துக்கு முன்னால் நீங்கள் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரி வண்டி எங்கள் தெருவுக்கு வந்தபோது ஏன் அத்தை அப்படிக் கத்தினீர்கள்? தெருவே வரிசையில் நின்றது. கிடங்கு சூப்பர்வைசர் அப்பாவுக்கு ரெண்டு ஆள் பின்னால் நின்றார். நீங்கள் விரலில் ஊசி குத்திச் சர்க்கரை பார்த்துவிட்டு, "முந்நூத்திப் பத்து!" என்று சத்தமாகச் சொன்னீர்கள். மறுநாளே அப்பாவை மூட்டை தூக்கும் வண்டியிலிருந்து இறக்கிவிட்டார்கள். "சர்க்கரைக்காரன் மயங்கி யார் மேலயாவது வண்டியை ஏத்திட்டா யார் பதில் சொல்றது?" என்றாராம் சூப்பர்வைசர். பத்து வருடம் வண்டி ஓட்டியவர் இப்போது முதுகில் மூட்டை சுமக்கிறார். முடிவெட்டுபவர் இன்றைக்கும் அப்பாவைக் கூப்பிடுவது "என்ன முந்நூத்திப் பத்து, டீ சாப்பிடலாமா?" என்றுதான். அப்பாவும் சிரிப்பார். வீட்டுக்கு வந்து பேசமாட்டார்.

அதன்பிறகு எங்கள் தெருவில் யாரும் உங்கள் ஆஸ்பத்திரி வண்டிக்கே போவதில்லை. உங்களுக்கு அது தெரியுமா?

வாலு


ஜூலை 6, சனி

வாலு,

கோபமில்லை. நீ கேட்டதைத்தான் நான் ராத்திரியெல்லாம் என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

எங்கள் வேலை அப்படித்தான் நடந்தது. ஒருத்தர் குத்தி எண்ணைக் கூப்பிடுவார், மேஜையில் இருப்பவர் எழுதுவார். நானூறு பேரை ஒரு நாளில் முடிக்கவேண்டும். சந்தையில் விலை கூவுகிறமாதிரி இருபது வருடம் கூவியிருக்கிறேன். எத்தனை பேர் வாழ்க்கையைக் கூவினேன் என்று என் தம்பி எழுந்து நடந்தபோதுதான் புரிந்தது. அவன் பஞ்சைக்கூட வாங்கிக்கொள்ளவில்லை, விரலில் ரத்தம் சொட்டச் சொட்டப் போனான். தம்பி என்றுகூட நினைக்காமல் கூவினேன். வரிசையில் அடுத்த விரல், அவ்வளவுதான்.

அடுத்த மாதமே எங்கள் டாக்டரிடம் போய்ச் சண்டை போட்டேன். "ஆளாளுக்கு மரியாதை பார்த்தால் வேலை ஆகாது" என்றார். "மரியாதை பார்க்காததால்தான் ஒரு தெரு முழுக்க வருவதில்லை" என்றேன். அந்தத் தெரு எது என்று எனக்குத் தெரியும் வாலு, பதிவேட்டில் பார்த்திருக்கிறேன். இப்போது வண்டிக்குள் திரை இருக்கிறது. ஒருவர் உள்ளே போனால் அடுத்தவர் வெளியே. எண்ணைச் சீட்டில் எழுதி மடித்து அவரவர் கையில்தான் கொடுப்போம். ஒரு நாளில் நானூறு இல்லை, நூற்றைம்பதுதான் முடிகிறது. முடிந்தவரை போதும்.

இப்போது கேள். ஆறில் ஐந்து என்றால் இது விளையாட்டு இல்லை. வரும் செவ்வாய் வண்டி உங்கள் தெரு முனைக்கு வருகிறது. பதினைந்து நாள் கழித்து வரவேண்டியது, நான்தான் மாற்றச் சொன்னேன். காலையும் பார்ப்பார்கள். அன்றைக்கு நான் வண்டியில் இருக்கமாட்டேன். லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். என் முகத்தைப் பார்க்கவேண்டுமே என்று அவன் வராமல் இருக்கக்கூடாது. நான் இல்லை என்று எப்படியாவது அவன் காதில் போடு.

அதற்குமுன் உண்மையையும் அவனிடம் சொல்லவேண்டியிருக்கும். நல்ல மார்க்கு என்று சொல்லிவிட்டாய். பரவாயில்லை. நானாக இருந்தாலும் அந்த நேரத்தில் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

அத்தை


ஜூலை 7, ஞாயிறு இரவு

அத்தை,

சொல்லிவிட்டேன். இனி நான் எழுத முடியுமோ என்னவோ.

மத்தியானம் அப்பா பூட்ஸுக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார். அம்மா பக்கத்தில் துணி மடித்தாள். அம்மா வெள்ளிக்கிழமையிலிருந்து என்னைப் பார்ப்பதும் முகத்தைத் திருப்புவதுமாகவே இருந்தாள். அவளுக்கும் பயம்தான், யார் முதலில் வாயைத் திறப்பது என்று. நான் அப்பாவுக்கு எதிரே போய் நின்றேன். மனப்பாடம் பண்ணி வைத்திருந்தது எல்லாம் மறந்துபோய்விட்டது.

"அப்பா, அன்னிக்கு நான் ஆரம்பிச்சுட்டேன். ஆறு தடவை தொட்டேன். நீங்க ஒரு தடவைதான் சொன்னீங்க" என்றேன்.

அவர் நிமிரவில்லை. "நீ சரியாத் தொட்டிருக்கமாட்டே" என்றார்.

"அவ தொட்டா. நான் பார்த்தேன்" என்றாள் அம்மா.

அவ்வளவுதான். பூட்ஸில் பூசிய எண்ணெயை மறுபடி மறுபடி அதே இடத்தில் தேய்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "இதை யாரு சொல்லிக் கொடுத்தா? எந்த டீச்சர்?"

எனக்குப் பொய் வரவில்லை அத்தை. தலையையும் பின்னியிருந்தேன், காது வெளியே தெரிந்தது. "அத்தை" என்றேன்.

ஒரு அறை விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அப்பா என்னை எப்போதும் அடித்ததில்லை, ஆனாலும் மூடிக்கொண்டேன். ஒன்றும் விழவில்லை. அவர் எழுந்து போய்விட்டார். தெருக்கோடியில் மதில்மேல் உட்கார்ந்திருந்ததாகக் கடைக்கார அண்ணன் சொன்னார். இருட்டினபிறகு வந்தார். சாப்பிடவில்லை. காலைத் தரையில் வைத்துக்கொண்டு பெருவிரலை ஆள்காட்டி விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் கையை எடுத்துவிட்டார்.

படுக்கப்போகும்போது நான் தைரியத்தை எல்லாம் கூட்டிக்கொண்டு சொன்னேன்: "செவ்வாய்க்கிழமை வண்டி வருதுப்பா. அத்தை வரமாட்டாங்க. லீவு."

அதற்கு அவர் என்ன சொன்னார் தெரியுமா? "அவ இல்லேன்னா ஊசி யாரு குத்துறது? எவனாவது கத்துக்குட்டியா?" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இதற்கு என்ன அர்த்தம்? வருவேன் என்றா, வரமாட்டேன் என்றா? எனக்குப் புரியவில்லை. இன்றைக்குக் குறட்டைச் சத்தமே இல்லை. முழித்துக்கொண்டுதான் இருக்கிறார். டார்ச் வெளிச்சம் தெரியும் என்று நினைக்கிறேன். தெரிந்தும் ஒன்றும் சொல்லவில்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது, அத்தை. கோபப்பட்டால்கூடப் பரவாயில்லை போலிருக்கிறது.

வாலு


ஜூலை 8, திங்கள்

கண்ணு,

பஸ் கிளம்ப நான்கு நிமிடம்தான் இருக்கிறதாம், டிரைவர் கைக்கடிகாரத்தைக் காட்டுகிறார்.

நீ செய்ததை நான் செய்திருக்கமாட்டேன். எனக்கு அந்தத் தைரியம் இருந்திருந்தால் போன வருடம் பின்வாசலுக்குச் சுற்றிப் போய் அவன் முன்னால் நின்றிருப்பேன்.

"கத்துக்குட்டியா" என்றானா? சின்ன வயசில் முள் குத்தினால் யாரையும் கிட்டே விடமாட்டான், நான்தான் எடுக்கவேண்டும். நாளைக்கு வரலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தேன். வேண்டாம். சொன்ன சொல்லை மாற்றினால் அதையே சாக்காக வைத்துக்கொள்வான். நாளை குத்தப்போகிற ஒல்லிப் பெண்ணுக்கு நான்தான் பழக்கிக் கொடுத்தேன். கை லேசு. அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

அவனை இழுக்காதே, கெஞ்சாதே. வழியில் நில், போதும்.

அத்தை


ஜூலை 9, செவ்வாய் இரவு

அத்தை, அத்தை,

எங்கே ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை.

வண்டி காலையிலேயே வந்துவிட்டது. பத்து மணிவரை ஈ காக்கை இல்லை. அம்மா மட்டும் போனாள். "நான் முன்னால போய் வழி காட்டட்டுமா?" என்று என்னிடம் கேட்டுவிட்டு, சலவைக்கடை முதலாளியிடம் ஒரு மணி நேரம் கடன் வாங்கிக்கொண்டு போனாள். நான் பள்ளிக்கூடத்துக்கு வயிற்றுவலி என்று சொல்லிவிட்டேன். உண்மையிலேயே வலித்தது.

அப்பா வேலைக்குப் போகவில்லை. சட்டை மாற்றினார். மறுபடி பழைய சட்டையைப் போட்டார். பதினொரு மணிக்கு ஒன்றும் சொல்லாமல் கிளம்பினார். நான் பத்தடி பின்னால் போனேன். முடிதிருத்தும் கடை வாசலில் நாலைந்து பேர். முடிவெட்டுபவர் கத்தரியைக் கையில் வைத்துக்கொண்டே வெளியே வந்து, "பாருடா! முந்நூத்திப் பத்து போகுது!" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அப்பா நின்றார். திரும்பிப் போய்விடுவார் என்று நினைத்தேன். எனக்கு அந்த ஆளின் கத்தரியைப் பிடுங்கி எறியலாம் போல இருந்தது.

அப்பா நேரே வண்டிக்குள் போய்விட்டார். படியில் ஏறும்போது உள்ளே ஒருமுறை நன்றாக எட்டிப் பார்த்தார். உங்களைத் தேடினார் என்று நான் சொல்லமாட்டேன். எட்டிப் பார்த்தார், அவ்வளவுதான். திரையை இழுத்துவிட்டார்கள். நான் வெளியே நின்றேன். ஒரு சத்தமும் கேட்கவில்லை. எண்ணே கேட்கவில்லை அத்தை! காதைத் தீட்டிக்கொண்டு நின்றும் கேட்கவில்லை.

ரொம்ப நேரம் கழித்து வெளியே வந்தார். வலது காலில் வெள்ளைக் கட்டு. கையில் மடித்த சீட்டு. அதற்குள் கடை வாசலில் இருந்த கூட்டம் வண்டிப் பக்கம் வந்துவிட்டது. முடிவெட்டுபவர், "என்ன முந்நூத்திப் பத்து, பாஸா?" என்றார்.

அப்பா சீட்டைப் பிரித்தார். எல்லார் முன்னாலும் நின்று, கிடங்கில் லாரிக்காரனைக் கூப்பிடுகிற குரலில் சொன்னார்: "மரியாதையாக் கூப்பிடு. இப்போ நானூத்தி ரெண்டு. பிரமோஷன் ஆயிருக்கு."

ஒரு நிமிடம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிறகு அப்பாதான் முதலில் சிரித்தார். அப்புறம் அவரே முடிவெட்டுபவரின் தோளில் கை போட்டு, "உள்ளே போ. திரை போட்டிருக்காங்க. உன் நம்பரை நான் கேட்கமாட்டேன். நீயா சொன்னா உனக்கும் பேர் வைக்கிறேன்" என்றார். அந்த ஆள் முனகிக்கொண்டே கத்தரியை என் கையில் கொடுத்துவிட்டுப் படி ஏறினார். அவர் பின்னால் கடைக்கார அண்ணன். அப்புறம் பக்கத்து வீட்டு அக்கா, அவங்க மாமியார். மூன்று மணிக்கு வரிசை தண்ணீர்க் குழாயைத் தாண்டிவிட்டது.

ஒல்லி அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, புண் வெளியே சின்னது, உள்ளே ஆழமாகப் போயிருக்கிறது, இன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேர்க்கவேண்டும் என்றார்கள். வண்டியிலேயே எழுதிக் கொடுத்தார்கள். அம்மாவும் அப்பாவும் இப்போது அங்கேதான். நான் பக்கத்து வீட்டு அக்காவோடு படுத்திருக்கிறேன்.

நன்றி அத்தை. இன்னும் என்ன ஆகும் என்று தெரியவில்லை. ஆனாலும் நன்றி.

வாலு


ஜூலை 27, சனி இரவு

அன்புள்ள அத்தைக்கு,

நேற்று அப்பாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பதினேழு நாள்.

நீங்கள் ஒல்லி அக்காவிடம் எல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டிருப்பீர்கள். ஆனாலும் நான் சொல்கிறேன். பெருவிரல் அடியில் கெட்டுப்போன சதையை இரண்டு தரம் எடுத்தார்கள். எலும்புக்குப் போகவில்லை. இன்னும் பத்து நாள் விட்டிருந்தால் விரல் போயிருக்கும், அதற்குமேல் கால் என்று டாக்டரம்மா சொன்னார். எங்கள் முன்னால், சாதாரணமாக, மணி என்ன என்று சொல்கிறமாதிரி சொன்னார். அம்மா வெளியே போய் அழுதுவிட்டு வந்தாள். விரல் பத்தும் இருக்கிறது. நான் தினமும் எண்ணுகிறேன். அப்பா, "நேத்து எண்ணினதுதானே, ராத்திரி குட்டி போட்டிருக்குமா?" என்கிறார்.

இனிமேல் தினமும் காலைப் பார்க்கவேண்டும். அடிப்பாதம் அவருக்குத் தெரியாது என்பதால் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கிறார். பூட்ஸைப் போடுமுன் கவிழ்த்துத் தட்டுகிறார். மாத்திரை காலையிலும் ராத்திரியிலும். அம்மா வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் போகிறாள்.

அம்மாவுக்கு ரத்தக் கொதிப்பு இருக்கிறதாம். அன்றைக்கு வண்டியில்தான் தெரிந்தது. "எனக்கென்ன, நான் திடமாத்தானே இருக்கேன்" என்றாள். அப்பா, "நானும் அப்படித்தான் சொன்னேன். கண்ணை மூடிக்கிட்டு நல்ல மார்க்கு வாங்கினேன்" என்றார். அம்மாவும் மாத்திரை சாப்பிடுகிறாள். எங்கள் தெருவில் அன்றைக்கு மட்டும் பதினான்கு பேருக்குப் புதிதாகத் தெரிந்ததாம். முடிவெட்டுபவர் தன் எண்ணை யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் டீயில் சர்க்கரை போடவேண்டாம் என்கிறார், அதனால் எல்லாருக்கும் தெரியும்.

சூப்பர்வைசர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டே நின்றார். மூட்டை சுமக்கவேண்டாம், வாசலில் உட்கார்ந்து உள்ளே வருவதையும் வெளியே போவதையும் சரிபார்க்கிற வேலை இருக்கிறது என்றார். மூட்டை தூக்கும் வண்டியைத் திரும்பத் தருவதாகச் சொல்லவில்லை. அப்பாவும் கேட்கவில்லை. அவர் போனபிறகு, "நாற்காலியாவது உண்டே" என்றார். அவருக்கு வண்டி ஓட்டப் பிடிக்கும் அத்தை. அதுமட்டும் எனக்கு வருத்தம்.

உங்களைப் பற்றி அப்பா ஒன்றும் பேசவில்லை. நான் எழுதுகிறேன் என்று அவருக்குத் தெரியும். எழுதாதே என்றும் சொல்லவில்லை. நேற்று என் மேஜையில் புது டார்ச் பேட்டரி இரண்டு இருந்தது. யார் வைத்தது என்று அம்மாவைக் கேட்டேன். "எனக்குத் தெரியாதும்மா" என்றாள்.

நீங்கள் அன்றைக்கு வராமல் இருந்ததற்கு நன்றி. வரவேண்டும் என்று எவ்வளவு ஆசைப்பட்டிருப்பீர்கள் என்று எனக்கு இப்போது புரிகிறது.

உங்கள் வாலு


ஆகஸ்ட் 4, ஞாயிறு

என் வாலுக்கு,

இன்று காலை பத்து மணிக்குக் கதவைத் தட்டினார்கள். பால்காரன் என்று நினைத்துப் பாத்திரத்தோடு போனேன். உன் அப்பா நின்றான். இளைத்துவிட்டான். கையில் ஆஸ்பத்திரிப் பை.

"உள்ளே வாடா" என்றேன். வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை. வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். தண்ணீர் கேட்டான். குடித்தான். சுவரைப் பார்த்தான். "சுண்ணாம்பு அடிச்சியா?" என்றான். "போன மாசம்" என்றேன். இரண்டு வருடத்துக்குப் பிறகு அக்காவும் தம்பியும் பேசிய பேச்சு அதுதான்.

அப்புறம் செருப்பைக் கழற்றிக் காலை எதிர் நாற்காலியில் தூக்கி வைத்தான். "கட்டு மாத்தணும்" என்றான்.

மாற்றினேன். புண் நன்றாக மூடி வருகிறது, சதை ரோஜா நிறமாக இருக்கிறது. உனக்குத் தெரியவேண்டும் என்று சொல்கிறேன், பயப்படாதே. இருபது வருடமாக எத்தனையோ காலைப் பார்த்திருக்கிறேன், இன்றைக்கு ஒரு முடிச்சை மூன்று தடவை அவிழ்த்துக் கட்டினேன். அவன் பார்த்தான். நான், "அன்னிக்கு நான் சத்தமாச் சொல்லியிருக்கக் கூடாதுடா. தப்பு என்மேல" என்றேன். அவன் கட்டைப் பார்த்துக்கொண்டே, "நீ சொல்லாம இருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது" என்றான். அது மன்னிப்பா, இல்லை வெறும் கணக்கா, எனக்குத் தெரியாது. நான் வாங்கி வைத்துக்கொண்டேன்.

உனக்கு நான் நன்றி சொல்லவேண்டும். எப்படிச் சொல்வது என்று யோசித்து மூன்று தாளைக் கிழித்துவிட்டேன். நீ பயந்துகொண்டே செய்தாய். பயமில்லாதவர்கள் செய்வது வேறு. அது எனக்கு இந்த வயசில்தான் தெரிந்தது.

கிளம்பும்போது வாசலில் நின்று, "ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை மாத்தணுமாம்" என்றான், தெருவைப் பார்த்துக்கொண்டு.

உங்கள் தெருவிலிருந்து ஆஸ்பத்திரி நடக்கிற தூரம். கட்டு மாற்ற அங்கே தினமும் ஆள் இருக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து. பஸ் பிடித்து இங்கே வரத் தேவையே இல்லை.

நான் அதை அவனிடம் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே.

உன் அத்தை